கார்டுல உயிரோட இருக்கிற ஒதோகி

“இல்ல தாயி, அவன் இடது கைக்காரன்.”

ஒலான்யா இதைச் சொன்னப்போ அவரை யாரும் ஒண்ணும் கேட்டிருக்கல. மேசைக்கு அந்தாண்ட உக்காந்திருந்த லன்யேரோ கம்ப்யூட்டர்ல எதையோ தேடிக்கிட்டிருந்தா. கடலுக்கு அந்தப் பக்கம் இருக்கிற கோர்ட்டு, சண்டையில நாசமாப் போன ஜனங்களுக்கு ஈடு கொடுக்கணும்னு தீர்ப்பு சொல்லிருச்சு. அதுக்கப்புறம் மாசத்துக்கு ஒருக்கா எங்க லகிலே ஊருக்கு வந்து பேரு சரிபாக்குற பொண்ணு அவ. நம்ம ஊர்ப் பக்கத்துப் பொண்ணுதான், நம்ம பேச்சுதான் பேசுவா.

“என்னப்பா சொன்னீங்க?”

“என் மூத்தவனைச் சொன்னேன். ஒதோகியை. களி கிள்ளுறது, கல்லு எறியுறது, எல்லாமே இடது கைதான். அவங்க அம்மா அகப்பையாலயே அந்தக் கையில ஒண்ணு போடுவா. அப்பவும் மாறல அவன்.”

“அதெல்லாம் ஃபாரத்துல இல்லப்பா.”

“இருக்காதுதான். நீ எழுதி வச்சுக்கிட்டா நல்லதுன்னு சொன்னேன்.”

லன்யேரோ சிரிக்கல. கம்ப்யூட்டரை அவரு பக்கம் திருப்பினா. அதுல அவரோட ரேஷன் கார்டு தெரிஞ்சுச்சு. போன மாசம் அவரே கொண்டாந்து கொடுத்த கார்டு. இத்தனை வருஷமா பிளாஸ்டிக் பையில சுத்தி, கூரைக்குள்ள சொருகி வச்சிருந்தது. ஒதோகின்னு எழுதின காகிதம் இந்த உலகத்துல அது ஒண்ணுதான். ஞானஸ்நானச் சீட்டு சர்ச்சோட சேந்து எரிஞ்சு போச்சு. பள்ளிக்கூட நோட்டு குடிசையோட எரிஞ்சுச்சு. அதனாலதான் மகன் இருந்ததுக்கு அத்தாட்சி வேணும்னு கேட்டதும் ஓடிப்போயி அந்தக் கார்டை எடுத்துக் கொடுத்தாரு.

“கேம்ப்புல தாக்குதல் நடந்தது அந்த வருஷம் அஞ்சாவது மாசம். உங்க மகன் அன்னிக்கே செத்துட்டான்னு எழுதியிருக்கீங்க. சரியா?”

“களி கிண்டுற நேரம். ஆமா.”

“இங்க பாருங்க. அதுக்கு அடுத்த மாசம் தலை எண்ணியிருக்காங்க. ஒதோகி வந்திருக்கான், விரலை மையில தொட்டுக் கார்டுல வச்சிருக்கான். அதுக்கு அடுத்த வருஷமும் வந்திருக்கான். அதுக்கு அடுத்த வருஷமும். மொத்தம் பதினாலு தடவை உங்க மகன் வரிசையில நின்னு சோளம் வாங்கியிருக்கான்பா.”

ஒலான்யா அந்தப் பதினாலு மைப்புள்ளியையும் பாத்தாரு. அவருக்குப் படிக்கத் தெரியாது. ஆனா புள்ளி தெரியும்.

அந்தக் கார்டு கதை எங்க ஊர்ல எல்லாருக்கும் தெரிஞ்ச கதைதான். யாரும் வாயைத் திறந்து சொல்லுறதில்ல, அவ்வளவுதான்.

சண்டைக் காலத்துல கவர்மெண்டு எங்களை எல்லாம் ஊரைக் காலி பண்ணச் சொல்லி, கேம்ப்புன்னு ஒரே இடத்துல குடிசை குடிசையா நெருக்கி வச்சிருந்துச்சு. ஒரு கூரையில நெருப்பு வச்சா நாப்பது கூரை எரியும். அன்னிக்குச் சாயங்காலம், காட்டுல இருந்து கவர்மெண்டோட சண்டை போட்ட காட்டுக்காரங்க வந்து வச்சாங்க. ஒலான்யா பொண்டாட்டி லமுனு கைப்பிள்ளையை முதுகுல கட்டி, கார்டை இடுப்புல சொருகிக்கிட்டு ஓடினா. அவரு பின்னாலயே ஓடினாரு. ஒதோகி முன்னால ஓடிட்டான்னு அவரு நினைச்சாரு. அவ, அவரு கையில பிடிச்சிருக்காருன்னு நினைச்சா. ஒம்பது வயசுப் பிள்ளை. விடிஞ்சு வந்து பாத்தா, குடிசைக்குள்ள மண்பானைக்குப் பக்கத்துலயே கிடந்தான். அங்கயே தோண்டிப் பொதைச்சாங்க. அந்த மண்ணு வேற யாரோ ஒருத்தரோடது. இப்ப அதுல எள்ளு வெதைச்சிருக்காங்க.

பன்னண்டு நாள் கழிச்சுச் சாப்பாட்டு லாரி வந்துச்சு. கார்டுல நாலு தலை. நிக்கிறது மூணு. குறைச்சு எழுதிட்டா குறைஞ்சதுதான், மறுபடி ஏத்த மாட்டாங்க. லமுனுவுக்குப் பால் வத்திப் போயிருந்துச்சு. கைப்பிள்ளை கிடெகாவுக்கு வயிறு மட்டும் பானை மாதிரி நிக்கும், கையும் காலும் குச்சி. பக்கத்துக் குடிசையில ஒஜாரான்னு ஒரு சின்னப் பையன். அவங்க அம்மாவும் எரிஞ்சுட்டா, அவ மடியில இருந்த கார்டும் எரிஞ்சுருச்சு. கார்டு இல்லாதவனுக்குச் சோறு இல்ல. ஒலான்யா அவன் கையைப் பிடிச்சு வரிசையில நிப்பாட்டி, காதுல சொன்னாரு: “பேரு கேட்டா ஒதோகின்னு சொல்லு.”

பையன் சொன்னான். வலது கையை நீட்டினான். விரலை மையில தொட்டுக் கார்டுல வச்சாங்க.

அவ்வளவுதான் நடந்தது. பதினாலு தடவை. அந்தச் சோளத்தை ஒஜாராதான் தின்னான். கேம்ப்பு கலையுற வரைக்கும் அவங்க கூடவே படுத்துக் கிடந்தான்.

“நீங்க எனக்குச் சொன்னதை நான் நம்புறேன்பா,” லன்யேரோ சொன்னா. “ஆனா கோர்ட்டுக்கு நம்பிக்கையை அனுப்ப முடியாது. உங்க பிளாக்குக்கு அப்போ தலைவரா இருந்தவரு, ‘ஆமா, செத்துட்டான், வேற பையன்தான் வரிசையில நின்னான்’னு கையெழுத்துப் போடணும். அந்த வேற பையனும் வந்து சொல்லணும். நாளைக்கு மத்தியானம் பட்டியலை மூடிருவேன். அப்புறம் செத்தவங்க நினைவுக் கல்லுல பேரு வெட்ட அனுப்பிருவாங்க.”

“நாளைக்கா? நாளை காலையில பிள்ளைக்குப் பேரு வைக்கிறோம் தாயி.”

“எந்தப் பிள்ளைக்கு?”

அப்பத்தான் ஒலான்யா மூஞ்சி கொஞ்சம் மலர்ந்துச்சு. அன்னிக்கு முந்தின நாள் விடிகாலையில இளைய மகன் கிடெகாவுக்கு ஆம்பளைப் பிள்ளை பொறந்திருந்துச்சு. அதைப் பாத்ததுல இருந்து மனுஷன் செங்கச் சூளைப் பக்கமே போகல. தலை நெறைய முடி, நனைஞ்ச கோழிக்குஞ்சு மாதிரி. கண்ணைத் திறக்கும், ஒரு ஆளைப் பாக்கும், பிடிக்காத மாதிரி மூடிக்கும். கொட்டாவி விட்டா மூஞ்சி முழுக்க வாயாயிரும். தும்மினா அதுவே பயந்துக்கும். அந்த உள்ளங்காலு இருக்கே, மனுஷன் கட்டை விரலு அளவு, அதுல அஞ்சு விரலும் எப்படித்தான் இடம் பிடிச்சு நிக்குதோ. பொறந்த பிள்ளையைப் பாத்தவங்களுக்குத்தான் அது தெரியும்.

எங்க பக்கம் ஆம்பளைப் பிள்ளைன்னா மூணாம் நாளு வெளிய கொண்டாந்து பேரு வைக்கணும். ஒலான்யாவுக்கு ஒரே ஒரு பேருதான் மனசுல. ஆனா கொலைப்பட்டவன் பேரைச் சும்மா எடுத்துப் பிள்ளைக்கு வச்சிர முடியாது. கொன்னவன் பக்கத்துல இருந்து ஈடு வரணும். முந்தியெல்லாம் மாடு வரும். அந்த மாட்டைக் கொடுத்துச் செத்தவன் வீட்டுக்கு ஒரு பொண்ணைக் கட்டுவாங்க. அவ பெக்குற பிள்ளைக்குச் செத்தவன் பேரு. அப்பத்தான் செத்தவன் வீடு திரும்பினதாக் கணக்கு. ஈடு வராத பேரு வெளியவே அலையுற பேரு, அதை வீட்டுக்குள்ள கொண்டாரக் கூடாது.

குலத்துப் பெரியவர் ஒடுர் கிட்ட, மருமக முழுகாம இருக்கும்போதே ஒலான்யா கேட்டு வச்சிருந்தாரு. கோர்ட்டு கொடுக்கிறது ஈடாகுமா? ஒடுர் ரெண்டு நாள் யோசிச்சுச் சொன்னாரு: “கையில வரலைன்னாலும் பரவால்ல. பட்டியல்ல உன் மகன் பேரு ஏறிட்டா, தப்பை ஒத்துக்கிட்ட மாதிரி. பேரு வச்சுக்கோ.”

அதே ஒடுர்தான் கேம்ப்புல பிளாக் தலைவரு. இப்ப ஈடு கேக்குற சங்கத்துக்கும் அவருதான் தலைவரு. கையெழுத்தும் அவரு கிட்டத்தான் வாங்கணும். அதனால ஒலான்யா ஆபீஸை விட்டு நேரா அங்க போனாரு.

ஒடுர் மாமரத்தடியில நாலு பேரோட உக்காந்து, நீளக் குழலைப் பானைக்குள்ள விட்டு கேழ்வரகுக் கள்ளை உறிஞ்சிக்கிட்டிருந்தாரு.

“வாய்யா, புதுத் தாத்தா. நேத்து பூரா ஊர்ல ஒரே பேச்சு, ஒலான்யா தொட்டிலை விட்டு எந்திரிக்கலைன்னு. பால் மட்டும்தான் நீ குடுக்கலையாம்.”

எல்லாரும் சிரிச்சாங்க. ஒலான்யா உக்காராம நின்னுக்கிட்டே விஷயத்தைச் சொன்னாரு. சொல்லச் சொல்லச் சிரிப்பு நின்னு போச்சு. ஒடுர் வாயில இருந்து குழலை எடுத்தாரு.

“கார்டைக் கொடுத்தியா நீ?”

“கொடுத்தேன்.”

“கூட்டம் போட்டு, கார்டை மட்டும் யாரும் வெளிய எடுக்காதீங்கன்னு படிச்சுப் படிச்சுச் சொன்னேன். ஒரு குருடு செவிடு விடாம எல்லாரும் வந்தாங்க. நீ எங்க போயிருந்த?”

“சூளைக்கு நெருப்பு வச்சிருந்தேன். விட்டுட்டு வர முடியல.”

“உன் சூளையில இடி விழ. கார்டுல என்ன இருக்குன்னு தெரியாதா உனக்கு?”

“என் மகன் பேரு இருக்குன்னு தெரியும். வேற எதுல இருக்கு அவன் பேரு?”

கூட இருந்தவங்க பானையைப் பாத்தாங்க. ஒடுர் குரலைத் தாழ்த்திப் பேசினாரு.

“இப்படி உக்காரு, ஒதோகி அப்பா. நான் சொல்லுறதைக் கேளு. அன்னிக்குச் செத்தவங்க எத்தனை பேரு? அதுல எத்தனை பேரு மறு மாசம் கார்டுல சாப்பிட்டாங்க? என் பொண்டாட்டி சாப்பிட்டா. செத்துப் போயி ரெண்டு வருஷம் எண்ணெயும் பயறும் வாங்கினா. இதோ இருக்கானே, இவன் அப்பன் வாங்கினான். நான்தான் எல்லாத்துக்கும் தலையாட்டி எழுத வச்சேன். இப்ப நான் உன் ஒரு கார்டுக்குக் கையெழுத்துப் போட்டேன்னு வை. அந்தப் பொண்ணு நல்ல பொண்ணு, சரி. அவளுக்கு மேல இருக்கிறவன், ‘ஓகோ, இந்த ஊர்ல செத்தவனெல்லாம் சோறு தின்னிருக்கானா’ன்னு ஒவ்வொரு பேரா நோண்டுவான். கோர்ட்டு ஜெயில்ல போட்டிருக்கே, அந்தக் காட்டுக்காரனுக்கு வக்கீல் இருக்காரு. நமக்கு யாரு இருக்கா?”

“நான் பொய் சொல்லலையே.”

“நீ சொல்லல. நாங்க சொல்லியிருக்கோம். உன் உண்மையால எங்க செத்தவங்க எல்லாம் மறுபடி உயிரோட எந்திரிச்சு உக்காந்துருவாங்க. அறுபத்து மூணு பேரு.”

கூட இருந்த ஒருத்தன் மெதுவாச் சொன்னான்: “அந்த ஜெயிலுக்காரனுக்கு மூணு வேளை சோறு போடுறாங்களாம். அவன் கையில காசு இல்லைன்னு கோர்ட்டு ஊர் ஊரா உண்டியல் குலுக்குதாம். குலுக்கி விழுறதும் நமக்கு விழாமப் போகணுமா, அண்ணே?”

ஒலான்யா எந்திரிச்சாரு. ஒடுர் பின்னால இருந்து கூப்பிட்டாரு.

“பேரு?”

“என்ன?”

“பட்டியல்ல இல்லைன்னா பேரு வைக்க முடியாது. தெரியுமில்ல? அது நான் போட்ட சட்டம் இல்ல.”

“தெரியும் பெரியவரே.”

கையெழுத்து இல்லாட்டியும் ஒஜாரா வாய்ச்சொல்லு இருக்கேன்னு ஒரு நப்பாசை. கடைத்தெரு முக்குல வாடகைக்கு பைக் ஓட்டுறவங்க நிக்கிற இடத்துக்கு நடந்தாரு. தூரத்துலயே ஒருத்தன் கத்துறது கேட்டுச்சு.

“ஏ ஒதோகி, உங்க அப்பா வர்றாருடா.”

கேம்ப்புல வச்ச பேரு அவனை விட்டுப் போகவே இல்ல. மொத தடவை காதுல விழுறவங்களுக்கு அது சாதாரணப் பேரு. ஒலான்யாவுக்கு ஒவ்வொரு தடவையும் நெஞ்சுக்குள்ள எதுவோ திரும்பிப் பாக்கும்.

ஒஜாரா பைக்கைத் துடைச்சுக்கிட்டிருந்தான். நல்ல வாட்டசாட்டமான ஆளு. அவனோட மக, நாலு வயசு, பெட்ரோல் டாங்க் மேல ராணி மாதிரி உக்காந்து கரும்பு கடிச்சுக்கிட்டிருந்தா.

“என்னப்பா, நடந்தே வந்துட்ட? ஒரு போன் அடிச்சா நான் வரமாட்டேனா? பிள்ளை எப்படி இருக்கான்? யாரு சாயலு?”

“கிழவன் சாயலு. பல்லு இல்ல, முடி கலைஞ்சிருக்கு, எப்பவும் தூக்கம்.”

ஒஜாரா பெருசாச் சிரிச்சான். அப்புறம் அவரு மூஞ்சியைப் பாத்துச் சிரிப்பை நிறுத்தினான். அவரு எல்லாத்தையும் சொன்னாரு. கேட்டு முடிச்சதும் அவன் துணியை உதறித் தோள்ல போட்டான்.

“வா போவோம். இப்பவே சொல்லுறேன். நான் ஒஜாரா, வரிசையில நின்னது நான், செத்தவன் வேற ஆளுன்னு சொல்லுறேன். இதுக்கா இவ்வளவு தயங்குற? உன் கையால தின்னவன்பா நான்.”

“உன் அடையாள அட்டையில என்ன பேரு இருக்கு?”

ஒஜாரா சட்டைப் பையில இருந்து அட்டையை எடுத்து அவரு கையில வச்சான். படிக்கத் தெரியாதவரு கிட்ட எதுக்குக் கொடுத்தான்னு அவனுக்கே தெரியல போல. அப்புறம் அவனே படிச்சான்.

“ஒதோகி. பள்ளிக்கூடத்துல அந்தக் கார்டைக் காட்டித்தானே சேத்த? அப்படியே வந்துருச்சு. பைக் லைசென்ஸும் அதான். பைக்குக்கு வாங்குன கடனும் அதே பேருலதான்.”

“நீ ஒதோகி இல்லைன்னு கோர்ட்டுல சொன்னா?”

“அப்ப இதெல்லாம் யாரோடதுன்னு கேப்பாங்க. கேட்டாக் கேக்கட்டும்பா. பைக்கைப் பிடுங்கினா நடக்கிறேன்.”

அவன் மெய்யாத்தான் சொன்னான். அது ஒலான்யாவுக்குத் தெரிஞ்சுச்சு. அதுதான் அவருக்குப் பொறுக்கல. டாங்க் மேல இருந்த குட்டி கரும்புச் சக்கையைத் துப்பிட்டு, “தாத்தா, ஏறு,” அப்படின்னா. அவ அப்பனை மாதிரியே வலது கையை நீட்டி அவரைக் கூப்பிட்டா.

“ஏறலடி கண்ணு. எனக்குக் காலு நல்லா இருக்கு.”

“அப்பா, நில்லு.”

“போ, சவாரி நிக்குது பாரு உனக்கு.”

ஆபீஸ் சாத்துற நேரத்துக்கு அவரு மறுபடி லன்யேரோ முன்னால போயி உக்காந்தாரு. அவ பையை மாட்டிக் கிளம்பத் தயாரா இருந்தா.

“கையெழுத்து கிடைச்சுச்சாப்பா?”

“எழுதிக்கோ தாயி. ஒதோகி உயிரோட இருக்கான்.”

அவ நிமிந்து பாத்தா.

“கடைத்தெருவுல பைக் ஓட்டுறான். ஒரு மக இருக்கா. அட்டை எல்லாம் சரியா இருக்கு. நான் வயசானவன், குழம்பிட்டேன்.”

“இப்படி எழுதினா மறுபடி மாத்த முடியாதுப்பா. கல்லுலயும் வராது.”

“உங்க கல்லுல இடம் பத்துமா எல்லாருக்கும்? ஒண்ணு குறைஞ்சா மத்தவங்க காலை நீட்டிக்கட்டும்.”

அவ மாட்டின பையைக் கழட்டி வச்சா. அப்புறம் கம்ப்யூட்டர்ல அடிச்சா. காகிதம் வந்துச்சு. எங்க வைக்கணும்னு அவ காட்டினா. கட்டை விரலை மையில தோய்ச்சு அவரு வச்சாரு. பதினஞ்சாவது புள்ளி. கார்டைத் திருப்பித் தரலாமான்னு கேட்டாரு. அது பைலோட போயிருச்சு, இனி வராதுன்னா அவ. மனுஷன் அதுக்குத்தான் கொஞ்சம் ஆடிப் போனாரு.

வீட்டுக்கு வந்து லமுனு கிட்ட ஒரே வார்த்தைதான் சொன்னாரு. “அவன் பேரு வைக்கல.” அவ அடுப்புல புளிச்சக்கீரை கடைஞ்சுக்கிட்டிருந்தா. கடலை விழுதை உள்ள போட்டா, கிண்டினா, அடி பிடிக்கிற வரைக்கும் கிண்டிக்கிட்டே இருந்தா. எந்தச் சாமிக்கும் சாபம் விடல. சட்டியை இறக்கி வச்சுட்டு, “அன்னிக்கு நான் திரும்பிப் பாத்திருக்கணும்,” அப்படின்னா. இருபத்தோரு வருஷமா தினமும் சொல்லுறதுதான். அவரும் தினமும் சொல்லுற மாதிரி, “நானும்தான்,” அப்படின்னாரு.

மறுநாள் காலையில மருமக அபேர் பிள்ளையைத் தூக்கிட்டு வாசப்படி தாண்டி வெயிலுக்கு வந்தா. அக்கம்பக்கத்துப் பொம்பளைங்க குலவை விட்டாங்க. ஒடுர் வந்திருந்தாரு, ஒலான்யா கண்ணைப் பாக்காம. ஒஜாரா பைக்குல ஒரு சேவலைக் கட்டிக் கொண்டாந்தான். களியும் கீரையும் எல்லாருக்கும் பரிமாறினாங்க. பிள்ளை வெயில் பட்டதும் மூஞ்சியைச் சுளிச்சு, யாரோ கடன் கேட்ட மாதிரி பாத்துச்சு. அதைப் பாத்துச் சிரிக்காதவங்க இல்ல.

“பேரு சொல்லுங்க,” ஒடுர் கேட்டாரு.

கிடெகா அப்பனைப் பாத்தான். அவனுக்கு அண்ணன் மூஞ்சி தெரியாது. அண்ணன் பேருதான் வைக்கப் போறோம்னு அவன் சின்ன வயசுல இருந்து கேட்டவன். ஒலான்யா தரையைப் பாத்தாரு. அப்புறம் அபேர், அவங்க பிறந்த வீட்டுப் பக்கம் இருக்கிற ஒரு பேரைச் சொன்னா. ஒகேச்னு. நல்ல பேருதான். எல்லாரும் கை தட்டினாங்க.

பிள்ளையைக் கொண்டாந்து ஒலான்யா மடியில போட்டாங்க. அவரு செங்கக் காய்ப்பு ஏறின விரலை நீட்டினாரு. பிள்ளை மூடின கண்ணைத் திறக்காமலே அதைப் பிடிச்சுக்கிச்சு. இடது கையால. இறுக்கி, விட மாட்டேங்கிற மாதிரி.

அவரு அந்தக் குட்டி விரலை ஒண்ணொண்ணாப் பிரிச்சு விட்டாரு. தன் விரலைக் கொண்டு போயி வலது கைக்குள்ள வச்சாரு.

“இந்தக் கையால பிடிடா ராசா,” அப்படின்னாரு.